கம்பவுண்டர் சவரிமுத்துவும் செவலையின் சான்றிதழும்

பண்ணைக்காட்டிலிருந்து ஒட்டன்சத்திரம் சந்தைக்குச் சவ்சவ் ஏற்றி வரும் லாரி டிரைவர் பெருமாள், போன வியாழக்கிழமை இப்போது நான் இருக்கும் பள்ளி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். "டீச்சர், நம்ம கம்பவுண்டரு போயிட்டாருங்க. நேத்து அடக்கம் பண்ணிட்டோம்." பிறகு, "பெட்டியைத் தூக்கத்தான் நேரமாயிருச்சு. நாய் கிட்டவே விடலை. தூக்கப் போன ஆளுக கையை ஒவ்வொண்ணாப் பிடிச்சுச்சு. ஆனா ஒருத்தரும் கையை இழுக்கலைங்க" என்றார்.

சவரிமுத்துவை அறிந்தவர்களுக்கு அந்தக் கடைசி வாக்கியம் புரியும். அறியாதவர்களுக்காக, எழுபதுகளின் கடைசியில் பண்ணைக்காட்டுக் காப்பி எஸ்டேட் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன்.

நான் எஸ்டேட் பள்ளிக்கு ஆசிரியையாகப் போய்ச் சேர்ந்த புதிது. பக்கத்துக் கட்டடத்தில் அவருடைய மருந்தகம். வாசலில் எப்போதும் செவலை படுத்திருக்கும். செம்பழுப்பு உடம்பும் கறுத்த வாயுமாக ஒரு கோம்பை நாய். காட்டுப்பன்றி வராமல் காக்க அவருடைய அப்பா காலத்திலிருந்தே அந்த வம்சத்தை வளர்த்து வந்தார்கள். எந்த நாய்க்கு எந்த நாய் பிறந்தது என்பதைத் தடுப்பூசி நோட்டின் பின்பக்கத்தில் அவர் எழுதி வைத்திருந்தார்.

அந்த மாசியில் காப்பிப் பழம் பறிக்கும் பெண் ஒருத்தியை வெறிநாய் கடித்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. மருந்தகத்துக்கு வந்தபோது தண்ணீரைக் கண்டு மிரளும் நிலை. அவள் இறந்த மறுநாள் மானேஜர் உத்தரவு போட்டார்: சான்றிதழ் இல்லாத நாய்களை எல்லாம் சுட்டுவிட வேண்டும். மானேஜரின் இரண்டு அல்சேஷன்களுக்கும் நாய் இனங்களைப் பதிவுசெய்யும் கென்னல் கிளப்பின் சான்றிதழ் இருந்தது. சவரிமுத்து ஊசி நோட்டை எடுத்துக்கொண்டு போனார். நீரே ஊசி போட்டு நீரே எழுதிய நோட்டு எப்படிச் சான்றாகும் என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் கோபப்படவில்லை. "அவுக சொல்றதும் தப்பில்லைங்க டீச்சர். செத்தது நம்ம புள்ள" என்றார். ஆனால் அன்று மாலையே, சென்னையில் இருக்கும் அந்தக் கிளப்புக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதித் தர முடியுமா என்று என்னிடம் வந்தார்.

பதில் வந்தது. நம் நாட்டு இனங்கள் சிலவற்றைப் பட்டியலில் சேர்க்கலாமா என்று அவர்களும் ஆராய்ந்துகொண்டிருந்தார்களாம். கொடைக்கானல் சீசனுக்கு வரும் நாய்க் கண்காட்சி நடுவர் ஒருவர் வழியில் இறங்கிப் பார்ப்பார், உயரம் அளப்பார், வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார் என்று எழுதியிருந்தார்கள். மானேஜர் அந்த நாள் வரை செவலைக்குத் தவணை கொடுத்தார். நடுவரைக் கடித்தால் அந்த இடத்திலேயே சுடப்படும் என்றும் சொன்னார்.

செவலை அந்நியர் கையைத் தாங்காது. ஆகவே பழக்க வேண்டியிருந்தது. எஸ்டேட்டில் அதற்குப் பழகாத முகம் என்னுடையதுதான். நாய் என்றாலே ஒதுங்கிப் போகிறவள் நான். முதல் நாள் அதன் உதட்டைத் தூக்கியதும் என் இடது மணிக்கட்டு அதன் வாய்க்குள் இருந்தது. அவர் அருகில் குந்தியிருந்தார். "கையை இழுக்காதீங்க டீச்சர். அது கடிக்கலை. யாருன்னு கேக்குது." நான் இழுக்கவில்லை. அது விட்டுவிட்டது. மூன்றாவது வாரம் என்னைக் கண்டதும் வாலாட்டிக்கொண்டு வந்து கையை நக்கியது. அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இனி உங்களால ஒரு பிரயோசனமும் இல்லைங்க." அதன் பிறகு தபால்காரர், பெருமாள், ஊசிக்கு வந்தவர்கள் என்று அகப்பட்டவர்களை எல்லாம் பிடித்து நிறுத்தினார். எல்லோரிடமும் அதே சொல்தான்: கையை இழுக்காதீங்க.

நாள் நெருங்க நெருங்க எனக்குத் தூக்கம் போயிற்று. முந்தின நாள் நான்தான் கேட்டேன்: மருந்தகத்தில் தூக்க மாத்திரை இருக்கிறதே, சோற்றில் அரை மாத்திரை கலந்தால் என்ன? அவர் அலமாரிச் சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பைக்குள்ளேயே போட்டுக்கொண்டார். "மயங்கிக் கெடக்குற நாய்க்கு வாங்குற காகிதம், முழிச்ச நாய்க்கு எப்படிங்க செல்லும்?"

நடுவர் மெலிந்த, வயதான மனிதர். மருந்தக முற்றத்தில் மானேஜரும், அவருக்குப் பின்னால் தோட்டா போட்ட துப்பாக்கியுடன் வாட்ச்மேனும் நின்றார்கள். செவலை அளவு நாடாவைப் பொறுத்துக்கொண்டது. நடுவர் பல்லைப் பார்க்கக் குனிந்தார், உதட்டைத் தொட்டார். மறுகணம் அவருடைய மணிக்கட்டு உள்ளே இருந்தது. வாட்ச்மேன் துப்பாக்கியை உயர்த்தினார். சவரிமுத்து நாயிடம் ஓடுவார் என்று நினைத்தேன். அவர் மெதுவாக நடந்து போய்த் துப்பாக்கிக்கு முதுகு காட்டி, குழலுக்கும் நாய்க்கும் நடுவில் நின்றார்.

"சார், கையை இழுக்காதீங்க. அது கேக்குது."

நடுவர் கையை இழுக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. செவலையின் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அது வாயைத் திறந்து, கையை மோந்து பார்த்துவிட்டுத் தானாக உட்கார்ந்தது. மணிக்கட்டில் பல் பதிந்த தடம் இருந்தது, ரத்தம் இல்லை.

இதன் தாயும் இப்படித்தானா என்று நடுவர் கேட்டார். எல்லாமே இப்படித்தான் என்றார் சவரிமுத்து. நடுவர் தடத்தைத் தடவிக்கொண்டே எழுதியதை நான் எட்டிப் பார்த்தேன். குறைகள் என்ற இடத்தில் எழுதவில்லை. இயல்பு என்ற இடத்தில் எழுதினார்: அந்நியரைக் கடிக்கும் முன் பிடித்து நிறுத்தி அறியும்.

மழைக்காலத்தில் சான்றிதழ் வந்தது. செவலை பிழைத்தது. ஆனால் அதற்குள் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் இருந்த இரண்டு நாய்களைச் சுட்டுவிட்டார்கள். அவை எந்த இனமும் இல்லை. அவற்றுக்கும் அவர் ஊசி போட்டிருந்தார். வாழ்த்துச் சொல்லப் போன என்னிடம், "அதுகளும் யாரையும் கடிக்கலைங்க டீச்சர்" என்று மட்டும் சொன்னார். சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டச் சொன்னோம். அவர் மாட்டவில்லை. ஊசி நோட்டில் அந்த இரண்டு நாய்களின் பெயர் இருந்த பக்கத்தில் மடித்து வைத்தார். கடைசி வரை அங்கேதான் இருந்தது என்றார் பெருமாள்.

அந்த நோட்டு இப்போது அவருடைய மகனிடம் இருக்கும். என்னிடம் அவருடைய பொருள் எதுவும் இல்லை. என் இடது மணிக்கட்டு இருக்கிறது. மூர்க்கமாக எது வந்து பற்றினாலும், அது கடிக்கிறதா, கேட்கிறதா என்று பார்க்கும் அளவுக்கு அசையாமல் நிற்கிறேன். எப்போதும் முடிவதில்லை. போன புதன்கிழமை அவருடைய பெட்டியருகே, செவலையின் வம்சத்து நாய்க்கு முன்னால், பண்ணைக்காட்டுக்காரர்கள் அத்தனை பேருக்கும் முடிந்திருக்கிறது.