கேள்வி கேட்டால் முதலிலிருந்து

ஹனோவரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பத்துப் பேர் இருந்த அறையில், ஒரே உரைக்குள் நான் மூன்று முறை "குட்டன் மோர்கன்" என்று காலை வணக்கம் சொன்னேன். தண்ணீர்ப் பம்புகளைக் கட்டுப்படுத்தும் கருவிகள் செய்கிற நிறுவனம் அது. எனக்குச் சோதனைப் பிரிவில் வேலை. கிணற்றில் தண்ணீர் வற்றிய பிறகும் மோட்டார் நிற்காமல் ஓடுகிற ஒரு குறையை நான் கண்டுபிடித்திருந்தேன். அதை ஜெர்மன் மொழியில் எழுதி, ஐந்து நாள் மனப்பாடம் செய்து கொண்டுபோயிருந்தேன். மூன்றாவது நிமிடத்தில் என்னோடு வேலை பார்க்கும் ஆங்கே என்ற பெண் குறுக்கே புகுந்து ஒரு கேள்வி கேட்டாள். கேள்வி புரிந்தது. பதிலும் தெரியும். ஆனால் என் வாய் ஒரு கணம் நின்று, அழகாகச் சிரித்து, "குட்டன் மோர்கன்" என்று முதல் வரிக்கே திரும்பிப் போய்விட்டது. மறுபடி கேட்டாள். மறுபடியும் முதல் வரி. அப்போதுதான் சிரித்தார்கள். நேரம் முடிந்துவிட்டது. குறையைப் பற்றி யாரும் ஒரு முடிவும் எடுக்கவில்லை.

மதியம் காபி இயந்திரத்தின் முன்னால் நின்றபோது சுருக்கென்று உறைத்தது. எனக்கு ஜெர்மன் வராமல் இல்லை. எனக்குப் பேச வராது. பேச்சுப்போட்டிகளில் பதினான்கு கோப்பை வாங்கியவளுக்கு, தன் வாயால் தன் சொந்த வாக்கியம் ஒன்றைச் சொல்ல யாரும் கற்றுத்தரவில்லை. அந்த நிமிடம் வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை.

தென்காசியில் நான் படித்த பள்ளியில் பேச்சுப்போட்டி என்றால் என்னவென்று உங்களில் பலருக்குத் தெரியும். உங்கள் பள்ளியிலும் அதேதான். தமிழ் டீச்சர் நான்கு பக்கம் எழுதித் தருவார். எந்த இடத்தில் கையை உயர்த்த வேண்டும், எங்கே குரல் தழுதழுக்க வேண்டும் என்று சிவப்பு மையில் குறித்திருப்பார். யார் முகத்தையும் பார்க்கக் கூடாது. எதிர்ச் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். நடுவில் மறந்துவிட்டால் தடுமாறாமல் சிரித்துக்கொண்டே முதலிலிருந்து தொடங்க வேண்டும். கேட்பவர்கள் கேள்வி கேட்பது என்ற ஒன்று அந்த உலகத்திலேயே கிடையாது. மேடையில் இருப்பவளைப் பார்த்து யாராவது வாய் திறந்தால், அவள் தோற்றுவிட்டாள் என்று அர்த்தம்.

எட்டாம் வகுப்பில் பெண்ணுரிமை பற்றிப் பேசி முதல் பரிசு வாங்கினேன். எவர்சில்வர் தூக்குச்சட்டி. அடுத்த வாரமே, பெண் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் விளையாட்டு வகுப்பை ரத்து செய்கிறீர்கள் என்று அதே டீச்சரிடம் கேட்டேன். "ஏட்டி, மேடையில பேசுதது மேடையோட. இங்கன வந்து வாயாடாத" என்றார். அந்தப் பேச்சை எழுதித் தந்த அதே கை, கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டது. வீட்டில் சொன்னேன். பெரியவங்களிடம் எதிர்க்கேள்வி கேட்கலாமா என்று அங்கேயும் திட்டு. தூக்குச்சட்டி மட்டும் அலமாரியில் பளபளவென்று இருந்தது. பேசினால் பரிசு, கேட்டால் திட்டு. இப்படி வளர்த்துவிட்டு, எங்கள் பிள்ளைகளுக்குக் கம்யூனிகேஷன் போதாது என்று வகுப்பு நடத்திக் காசு பறிக்கிறார்கள்.

கூட்டம் முடிந்த மறுநாள் துறைத் தலைவர் கூப்பிட்டார். என் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, "வாஸ் மைன்ஸ்ட் டூ?" என்றார். நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்கிறார். அவர் இன்னும் படிக்கவில்லை போலும் என்று நினைத்து, அறிக்கையின் முதல் பத்தியை ஒப்பிக்கத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். நான் விடுமுறை முடிந்து வந்ததும் இன்னொரு கூட்டம் வைப்பதாகவும், அதிலும் கேள்விகளுக்கு நான் பதில் சொல்லாவிட்டால் எனக்குப் பதிலாக ஆங்கே அந்தக் குறையைப் பற்றிப் பேசுவாள் என்றும், என்னை ஆவணம் எழுதும் பிரிவுக்கு மாற்றுவதாகவும் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் வலித்தது. வெளியே வந்தபோது ஆங்கே, "உன் பேச்சு நன்றாக இருந்தது, எனக்கு மூன்று கேள்வி வந்ததே" என்றாள். குத்திக்காட்டுகிறாள் என்று எண்ணி இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அங்கே கேள்வி வந்தால் பேச்சு நன்றாக இருந்தது என்று அர்த்தம்; அவள் நிஜமாகவே பாராட்டியிருக்கிறாள்.

அந்த எரிச்சலோடுதான் ஜூலையில் ஊருக்கு வந்தேன். வந்த மூன்றாம் நாளே சித்தி, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் தன் மகள் முகிலாவுக்கு மழைநீர் சேகரிப்பு பற்றி ஒரு பேச்சு எழுதித்தரச் சொன்னாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதினேன். கை உயர்த்தும் இடங்களைச் சிவப்பு மையில் குறித்தேன். முகிலா ஒப்பிக்கும்போது இடையில் ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தேன். அவள் சிரித்தாள். பிறகு, "அவையோர் அனைவருக்கும் என் முத்தான முதல் வணக்கம்" என்றாள். எனக்கு என் மேலேயே அருவருப்பு வந்தது. தாளைப் பிடுங்கப் போனேன். அவள் விடவில்லை.

"உனக்குக் கப்பு கிடைச்சாச்சு, நீ பேசுத. எனக்கு வேண்டாமா?" என்றாள். அவள் கேட்டதும் நியாயம்தான்.

மறுநாள் இருவரும் குற்றாலம் போனோம். முந்தின நாள் வெள்ளம் என்று அருவியில் குளிப்பதை நிறுத்தியிருந்தவர்கள், ஆண்கள் பக்கத்தை மட்டும் திறந்துவிட்டிருந்தார்கள். பெண்கள் வரிசை ஈரக் காற்றில் நடுங்கிக்கொண்டே நின்றது. எங்களுக்கு முன்னால் ஆய்க்குடியிலிருந்து வந்த ஒருத்தி, என் வயதுதான் இருக்கும், தைலம் மின்னும் தலையோடு காவலுக்கு நின்றவரிடம் போனாள்.

"அண்ணாச்சி, தண்ணி ஆம்பளைக்கு ஒரு வேகமாவும் பொம்பளைக்கு ஒரு வேகமாவுமா விழுது?"

"உங்க பக்கம் கல்லு விழுதும்மா."

"எப்பம் விழுந்துச்சு? எட்டு மணிலேருந்து இங்கனதான் நிக்கேன். நான் ஒண்ணும் பாக்கலையே."

"மேல கேக்கணும்."

"அப்பம் போனப் போடுங்க. நாங்க எங்கயும் போவல."

வரிசையே சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே போனை எடுத்தார். கால் மணி நேரத்தில் திறந்துவிட்டார்கள். நான் அருவியைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் குறுக்கிட்ட ஒவ்வொரு முறையும், குறுக்கிட்ட இடத்திலிருந்தே அவள் பேச்சு வளர்ந்தது. ஒரு தடவைகூட முதலுக்குத் திரும்பவில்லை. இந்த ஊருக்குப் பேசத் தெரியாது என்று யார் சொன்னது? மேடை ஏறும்போது அந்த நாக்கைக் கழற்றி வைத்துவிட்டு ஏறச் சொல்கிறோம். அவ்வளவுதான். பக்கத்தில் முகிலா என் காதில், "சரியான வாயாடிக்கா" என்றாள். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குக் காது சூடானது. "இல்ல, அவ கேட்டதாலதான் நீ இப்பம் குளிக்கப் போற" என்றேன். முகிலா குளித்து முடிக்கும்வரை என்னை ஒரு மாதிரியாகவே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பிப் போகிற நாள். திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போகும் வழியில், புளியறை தாண்டி, கேரள எல்லைச் சோதனைச் சாவடியில் லாரிகளுக்குப் பின்னால் கார் நின்றுவிட்டது. வழியனுப்ப முகிலாவும் வந்திருந்தாள். அந்தப் பம்பில் அப்படி என்னதான் பிரச்சினை என்று அவளாகவே கேட்டாள். சொல்லத் தொடங்கினேன். அவள் சும்மா கேட்டுக்கொண்டு இருக்கவில்லை. தண்ணி இல்லேன்னு மிஷினுக்கு எப்படித் தெரியும் என்றாள். சொன்னேன். தண்ணீர் இல்லாமல் அரை மணி நேரம் ஓடினால்தான் என்ன என்றாள். அதையும் சொன்னேன். கடைசியில், "வெளிநாட்டுக்காரன் மோட்டார் எரிஞ்சா எரியட்டுமே. உனக்கென்னக்கா?" என்றாள்.

"ஏட்டி, வாங்குதவன் நம்மள மாதிரி வயக்காரன். நெல்லு பால் பிடிக்கிற நேரத்துல மோட்டாருக்குள்ள இருக்க கம்பிச்சுருளு, அந்தக் காயில் எரிஞ்சா, மோட்டார கழட்டி, புதுசா காயில் கட்டிக் கொண்டாரதுக்குள்ள பயிரு என்னாவும்? தெரிஞ்சுக்கிட்டே அத விக்கக் கூடாதுங்கேன்."

அதுதான் துறைத் தலைவர் என்னிடம் கேட்டது. என் அறிக்கையின் இருபது பக்கத்தில் எங்குமே அந்த வாக்கியம் இல்லை.

வருகிற செவ்வாய்க்கிழமை கையில் தாள் இல்லாமல் அந்த அறைக்குள் போகப் போகிறேன். முதல் இரண்டு வரி சொன்னதும் நானே நிறுத்தி, ஆங்கேயைக் கேள்வி கேட்கச் சொல்லப் போகிறேன். காயில் எரிவதற்கு ஜெர்மனில் சொல் தெரியும். தெரிந்துகொண்டே விற்கக் கூடாது என்பதை அங்கே எந்தக் குரலில் சொல்வது என்றுதான் இன்னும் தெரியவில்லை. அதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே முன்னால் நின்ற லாரி நகர்ந்தது. எங்கள் காரின் முன்பாதி கேரளத்துக்குள் போய்விட்டது, பின்சீட்டில் இருந்த நான் இன்னும் இந்தப் பக்கம்தான் இருந்தேன். முகிலாவிடம், இன்னொரு கேள்வி கேள் என்றேன்.