மெட்டு ஏறும்போது ஆடிய முள்

அந்த முள்ளைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். ஜீப்பின் டாஷ்போர்டில் ஒரு சின்ன மீட்டர், அதற்குள் இன்ஜின் சூட்டைக் காட்டுகிற வெள்ளை முள். கம்பத்திலிருந்து மலை அடிவாரம் வரை பூனை மாதிரி நடுவில் சும்மா கிடக்கும். மெட்டு என்று நாங்கள் சொல்லும் மலைக் கணவாயில் ஏறத் தொடங்கிச் சில வளைவுகள் தாண்டியதும் மேலே போகும். சிவப்புக் கோட்டைத் தொடப்போகிறதே என்று நான் ஓரங்கட்டப் பார்த்தால், ஒன்றுமே நடக்காததுபோலச் சரேலென்று கீழே விழும். அடுத்த வளைவில் மறுபடி ஏறும். ஒரேயடியாக ஏறித் தொலைந்தாலாவது ஒரு முடிவுக்கு வரலாம். இது ஏறுவதும் இறங்குவதுமாக அந்த ஆவணி முழுக்க என் உயிரை வாங்கியது.

நான் எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறவன். உத்தமபாளையத்துக்குப் பக்கத்து ஊரிலிருந்து விடியுமுன் வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு, கம்பம்மெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டத்தில் இறக்கிவிடுவேன். பொழுது சாயத் திரும்பக் கூட்டிவருவேன். ஜீப் பழையது. அதன் பெட்ரோல் இன்ஜின் செத்துப்போனபோது ஒரு பிக்கப் வண்டியின் டீசல் இன்ஜினை வாங்கி உள்ளே வைத்தேன். நல்ல இழுவை. முதல் வருஷம் ஒரு தொந்தரவும் தரவில்லை. அதனால்தான் முள் ஆடத் தொடங்கியபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

விளங்கியவர்களுக்கு ஊரில் பஞ்சமே இல்லை. ஜீப் ஸ்டாண்டில் டீ குடிக்க நின்றால் போதும், ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ஊரான் இன்ஜினைக் கொண்டுவந்து வைத்தால் அப்படித்தான் என்றார் ஒருவர். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசு, இந்த வெயிலுக்கு அது எதுக்கு என்றார் இன்னொருவர். இன்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் பிடித்து வைக்கும் சின்ன வால்வு அது. எங்கள் பக்கத்துப் பாதி ஜீப்புகளில் அது கிடையாது, கழற்றி எறிந்துவிடுவார்கள். நான் எறியவில்லை. மேலே பனியில் இன்ஜின் ஜில்லிட்டுக் கிடக்கும். வால்வு இல்லாவிட்டால் சூடேறுவதற்குள் புகையாகக் கக்கும்.

முதலில் மீட்டர்தான் பொய் சொல்கிறது என்று நினைத்து வேறு மீட்டரும் சென்சாரும் மாட்டினேன். அதுவும் அதே ஆட்டம் ஆடியது. ரேடியேட்டர் மூடியை மாற்றினேன். ஹோஸ்களை மாற்றினேன். காரில் வரும் கரண்டு ஃபேன் ஒன்றை வாங்கி முன்னால் கட்டினேன். தண்ணீர் பம்பைக் கழற்றிப் பார்த்தேன், குறையில்லை. ஹெட் கேஸ்கெட் போயிருந்தால் ரேடியேட்டருக்குள் குமிழி குமிழியாக வரும். அதையும் குனிந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம், ஒரு குமிழியும் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் பழைய தண்ணீரை இறக்கிவிட்டுப் புதுசாகக் கூலன்ட் ஊற்றுவேன். சில நாள் முள் அடங்கிக் கிடக்கும். அப்பாடா என்று நான் மூச்சு விட்ட மறுநாளே ஆடத் தொடங்கும். முள் ஆடுவதற்கு முன்பிருந்தே ரேடியேட்டரின் அடி ஓரத்தில், வழியில் நிறுத்தித் தண்ணீர் விட வைக்கிற ஒரு சின்ன ஒழுகல் இருந்தது. அது மட்டும் தானாக நின்றுபோனது. அந்த மட்டுக்கும் புண்ணியம் என்று நினைத்துக்கொண்டேன்.

மலை ஏறும்போது பாதியில் ஒரு வளைவில் ஊற்று இருக்கிறது. சூடு ஏறிய வண்டியெல்லாம் அங்கேதான் நிற்கும். பெண்கள் இறங்கிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு சுவரோரம் நிற்பார்கள். நான் சூடு தணியக் காத்திருந்து, சாக்கை வைத்து ரேடியேட்டர் மூடியை மெல்லத் திறந்து வைத்துவிட்டு, கேனை எடுத்துக்கொண்டு ஊற்றுக்கு இறங்குவேன். நிற்கிற நேரமெல்லாம் வேறு ஜீப்புகள் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போகும். எனக்கு மானம் போகும். தோட்டத்துக்குப் போனால் கங்காணி வாசலில் நின்று "வைகிப்போயி" என்பார். தாமதமாகிவிட்டது என்பதை அந்த ஒரு வார்த்தையில் சொல்லி, சில நாள் பெண்களைத் திருப்பியே அனுப்பிவிடுவார். அவர்கள் என்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

எனக்கு அலுத்துவிட்டது. பகலில் வண்டிக்கு அடியிலேயே படுத்துக் கிடந்து இடுப்பு விட்டுப்போனது. கெங்குவார்பட்டியிலிருந்து ஒருவர் வந்து ஜீப்பைப் பார்த்தார். தோப்புக்குள் ஓட்டத்தானே, மலை ஏறவா போகிறேன் என்று சொல்லி ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகப் பேசி முடித்தார். திருப்பூரில் ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்ட ஆள் கேட்டிருந்தார்கள். அங்கே மலை கிடையாது. பெண்களிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். என் ஜீப் போனால் அவர்கள் வேறு ஜீப்பில்தான் தொற்றிக்கொண்டு போக வேண்டும்.

விற்கிற வண்டியைக் கோளாறோடு தள்ளிவிட மனசில்லாமல், கடைசியாக ரேடியேட்டரைக் கழற்றித் தேனியில் ரேடியேட்டர் வேலை பார்க்கிறவரிடம் கொண்டுபோனேன். அவர் ஈயத்தை உருக்கி மேல் தொட்டியைக் கழற்றினார். உள்ளே எட்டிப் பார்த்தவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார்.

"உள்ள யாருண்ணே கொழம்பு வச்சது?" என்றார்.

குழாய்களில் பாதிக்கு மேல் மஞ்சள் நிறத்தில் சேறு அடைத்திருந்தது. துரு என்று நினைத்து விரலில் எடுத்து முகர்ந்தேன். சமையல்கட்டு வாசனை. மஞ்சள்தூள். ஒழுகல் நிற்க ரேடியேட்டரில் மஞ்சள்தூள் போடுவது பழைய லாரிக்காரர்கள் பழக்கம் என்று எனக்கும் தெரியும். ஒரு தடவை போட்டால் ஒன்றும் ஆகாது, இது வாராவாரம் போட்டது போல இருக்கிறது என்றார் அவர். தெர்மோஸ்டாட்டைப் பார்த்தால் அதிலும் அதே பிசின். எல்லாம் அப்போதுதான் புரிந்தது. ஏற்றத்தில் இன்ஜின் கொதிக்கும், வால்வு பிசினில் ஒட்டிக்கொண்டு திறக்காது, முள் ஏறும். பிறகு வெடுக்கென்று திறந்துகொள்ளும், தண்ணீர் பாய்ந்து முள் விழும். அடைபட்ட ரேடியேட்டரால் அந்தத் தண்ணீரை ஆற்ற முடியாமல் சூடு மறுபடி ஏறும். சமவெளியில் இன்ஜினுக்கு வேலை குறைவு, அதனால் வெளியே தெரியவில்லை.

யார் போட்டது? ஸ்டாண்டில் எவனோ எனக்குக் குழி பறிக்கிறான் என்றுதான் தோன்றியது. ஒவ்வொரு முகமாக நினைத்து மனசுக்குள் வைதுகொண்டே ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, ஒழுகலுக்கு ஈயம் வைத்து, வால்வைப் புதுசாக மாட்டினேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. மறுநாள் முள் அசையாமல் மெட்டு ஏறினோம். அப்படியும், மூடி திறந்து கிடக்கும்போது எவன் வந்து கை வைக்கிறான் பார்க்கலாம் என்று வழக்கம்போல ஊற்று வளைவில் நிறுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை.

அதற்கு அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. மூடியைத் திறந்து வைத்துவிட்டுக் கேனோடு இறங்கியவன், பாதியில் திரும்பிப் பார்த்தேன். என் வண்டியில் வரும் பெண்களில் மூத்த அக்கா, மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ரேடியேட்டருக்குள் கொட்டினாள். மற்றவர்கள் மறைத்தாற்போலச் சுற்றி நின்றார்கள். அம்மன் கோயிலில் வாங்கி, வெள்ளிக்கு வெள்ளி கொண்டுவருகிற மஞ்சள்தூள் அது என்று பிறகு தெரிந்தது.

கேனைப் போட்டுவிட்டு மேலே ஓடினேன். என்ன பேசினேன் என்று முழுசாக நினைவில்லை. ஒரு மாதமாக நாய் படாத பாடு படுகிறேன், கூடவே இருந்து இப்படியா செய்வீர்கள் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கத்தினேன். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அக்கா குனியவில்லை.

"ஒழுகுது ஒழுகுதுன்னு நீதான தெனமும் பொலம்புன," என்றாள். "எங்க வீட்டுக்காரரு லாரில போறப்ப இப்படித்தான் போடுவாக. வண்டிய விக்கப்போறேன்னு நீ போன்ல பேசுனது எங்க காதுல விழுந்துச்சு தம்பி. நீ தண்ணி ஊத்துறதப் பாத்து இன்னும் ஒழுகுதுன்னுதான் வாராவாரம் போட்டோம். ஒழுகல் நின்னா விக்கமாட்டேன்னு நெனச்சோம்."

எனக்குக் கோபம் அடங்கவில்லை. ஊரில் ஜீப்புக்கா பஞ்சம், சூடாகாத வண்டியாகப் பார்த்து ஏறிப் போக வேண்டியதுதானே என்று கேட்டேன்.

"எந்தங்கச்சி போன வண்டி சூடே ஆகல," என்றாள். "நல்லாத்தான் ஓடுச்சு."

அந்த ஜீப்பை எங்கள் பக்கத்தில் தெரியாதவர்கள் கிடையாது. இரண்டாவது ட்ரிப்பைப் பிடிக்கும் அவசரத்தில் அளவுக்கு மேல் ஆளை அடைத்துக்கொண்டு வந்து, இறக்கத்தில் கவிழ்ந்தது. பள்ளத்தில் இறங்கித் தூக்கியவர்களில் நானும் ஒருவன். அக்காவின் தங்கை அதில் செத்துப்போனாள் என்பதும் தெரியும். ஆனால் அதை அவள் வாயால் நான் அதுவரை கேட்டதில்லை.

"நீ சூடானா நிப்பாட்டுவ," என்றாள் அக்கா. "அவய்ங்க நிப்பாட்ட மாட்டாய்ங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. எத்தனை காலையில் இந்த வளைவில் மானம் போகிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அவர்கள் கூலி போனாலும் பரவாயில்லை என்று இங்கே நின்றிருக்கிறார்கள். சாக்கை எடுத்துக் கையைத் துடைத்தேன். ரேடியேட்டரை மறுபடியும் இறக்கிக் கழுவ வேண்டும் என்ற நினைப்பே இடுப்பில் வலித்தது. ஏறுங்கக்கா, நேரமாச்சு என்று மட்டும் சொன்னேன்.

அவர்களைத் தோட்டத்தில் இறக்கிவிட்டுக் கெங்குவார்பட்டிக்காரருக்குப் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் என்றேன். வேறு யாராவது கூடுதல் விலைக்குக் கேட்டுவிட்டார்களா என்று கோபமாகக் கேட்டார்.

"அப்படியெல்லாம் இல்லண்ணே," என்றேன். "இந்த வண்டிக்கு ஆளுக இருக்காக."