அப்பிள் ஜூஸ் என்றேன்

2003 கோடை. ஹம்பேர்க்கில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் மலிவான வெள்ளை வைனை ருசிபார்க்கக் கொடுத்தார்கள். வெக்கைக்கு இதமாக இருந்தது. கிளாசும் கையுமாக நின்றபோது, கோயிலில் பழகிய அக்கா கணவரோடும் மகளோடும் எதிரே வந்தார். எனக்கோ வீட்டில் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த நேரம்.

“என்ன குடிக்கிறீர்?” என்றார் கணவர்.

“அப்பிள் ஜூஸ், அண்ணை.”

“பிள்ளைக்கும் கொஞ்சம் குடும். தாகம் எண்டு அழுறாள்.”

கிளாசை நீட்டிவிட்டேன். மகளின் வாயருகே அதைக் கொண்டுபோன அக்காவுக்கு மணம் பிடிபட்டது. என்னை ஒருதரம் பார்த்தார்.

“ஜூஸ் சரியான குளிர். பிள்ளைக்குக் குடுக்க ஏலாது” என்று, தானே மடமடவென்று குடித்து முடித்தார்.

அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிதோறும் அக்கா விரதம்.

குழந்தைக்கு வைனை நீட்டிய கை இது. இன்றும் கோயிலில் அக்கா தரும் பிரசாதத்தை இந்தக் கையால்தான் வாங்குகிறேன்.