ஹுன்சிக்கரின் புது மருந்து

சுவிட்சர்லாந்தின் ஆரா நகருக்கு வெளியே ஒரு துப்பாக்கிச் சுடுபயிற்சிச் சங்கத்தின் உணவகத்தில் கோப்பை கழுவுவது தயாநிதியின் வேலை. 1986ஆம் ஆண்டு. அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை. துவக்குச் சத்தத்துக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டு வந்தவனுக்கு, இங்கேயும் துவக்குச் சத்தத்துக்கு நடுவேதான் பிழைப்பு.

சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஹுன்சிக்கர் ரிவால்வர் தோட்டாக்களைக் கடையில் வாங்கமாட்டார். சுட்டு முடித்த வெற்றுக் கூடுகளில் வெடிமருந்தும் ஈயக்குண்டும் வைத்துத் தாமே நிரப்பிக்கொள்வார். மூட்டுவாதம் வந்து, சுடும்போது துவக்கு பின்னுக்கு உதைக்கும் உதைப்பை மணிக்கட்டு தாங்காமல் போகவே, உதைப்புக் குறைந்த மருந்தைத் தேடத் தொடங்கினார். விரல்களும் நடுங்கின. மருந்தை நிறுத்துப் போட ஒரு கை தேவைப்பட்டது. தயாநிதியைத் தம் வீட்டு நிலவறைக்கு அழைத்துப் போனார்.

"உனக்கென்ன விசரோ?" என்று அறைத் தோழர் குகநாதன் சத்தம் போட்டார். "வெடிமருந்து எண்ட சொல்லே எங்களுக்கு ஆகாது. பொலிஸ் கேட்டா என்ன சொல்லுவாய்?"

"இந்த ஊரில அந்த மனுசன் மட்டுந்தான் அண்ணை என்னோட இருந்து கதைக்கிறது."

பழைய மருந்து கூடு நிறையத் தேவைப்படும். சுட்டால் கை முழுவதையும் மேலே தள்ளும். புது மருந்து சிட்டிகையளவு போதும். உள்ளங்கையில் சுருக்கென்று அடித்துவிட்டு அடங்கிவிடும்.

ஒருநாள் ஹுன்சிக்கர் ரிவால்வரை அவனிடமே நீட்டினார். "நீயும் சுட்டுப் பார். எது சுகம்?"

அவனுக்கு விருப்பமில்லை. மறுத்தால் முகம் மாறுமே என்று இரண்டையும் சுட்டான். "புதியது," என்றான். கிழவர் அவன் தோளில் தட்டி, சங்கத்து மேசையில் தம் பக்கத்தில் உட்காரவைத்து பியர் வாங்கிக் கொடுத்தார்.

அந்த இலையுதிர் காலத்தில் உணவகத்தில் வேலை கூடியதால் அவனால் நிலவறைக்குப் போக முடியவில்லை. ஹுன்சிக்கர் நண்பர்களோடு பேசிச் சிரித்தபடி தாமே நிரப்பினார். பழைய மருந்தை இரண்டு தரம் போட்டால் வழிந்து காட்டிக்கொடுத்துவிடும். புதியது இரண்டு தரம் விழுந்தாலும் கூட்டின் அடியில் சத்தமில்லாமல் கிடக்கும். அப்படி இரண்டு தரம் விழுந்த தோட்டா ஒன்றைச் சுட்டபோது ரிவால்வர் வெடித்து அவருடைய இரண்டு விரல்கள் போயின.

பொலிஸ் சமையலறைக்கே வந்தது. "தோட்டா நிரப்ப எங்கே பழகினாய்?"

"இங்கேதான். அவர் வீட்டில்."

பொலிஸ்காரர் நம்பவில்லை. 'அந்தத் தமிழன்தான் நிரப்பினான்' என்று ஹுன்சிக்கர் ஏற்கனவே சொல்லியிருந்தார். வழக்கு ஒன்றும் நிற்கவில்லை. ஆனால் நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார் முதலாளி.

தயாநிதி ஆஸ்பத்திரிக்குப் போனான். "அந்த நாட்களில் நான் வரவே இல்லையே, ஐயா."

"தெரியும்," என்றார் ஹுன்சிக்கர், ஜன்னலைப் பார்த்தபடி. "என் ஆயுள் முழுக்க இந்தச் சங்கத்தில்தான். பிழை என்னுடையது என்றால் என்னை அங்கே வைத்திருக்கமாட்டார்கள். நீ எப்படியும் இந்த நாட்டில் இருக்கப்போகிறவன் இல்லை."

அகதி விசாரணையில் யாழ்ப்பாணத்தைப் பற்றிக் கேட்டதைவிட வெடிமருந்தைப் பற்றிக் கேட்டதுதான் அதிகம். விண்ணப்பம் தள்ளுபடியானது.

"அப்பீல் போடுவம்," என்றார் குகநாதன்.

"போடுங்கோ அண்ணை. ஆனா இனி நான் ஒருத்தருக்கும் கை குடுக்கமாட்டன்."

அப்பீல் இழுபட்ட காலத்தில் வின்டர்தூரில் ஒரு சலவைக்கூடத்தில் வேலை கிடைத்தது. அவன் தங்கியிருந்த கட்டடத்தின் மேல்மாடியில் குடியிருந்த கிழவி, சாமான் பையை இழுத்துக்கொண்டு படியேறத் திணறுவாள். பை ஒவ்வொரு படியிலும் மோதும் சத்தம் ஓயும்வரை தயாநிதி கதவைத் திறக்கமாட்டான்.