மூடாத இலைகள்

எண்பதுகளில் மலேசியாவில், கோலா சிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் புல்லைக் கொல்லும் மருந்து அடிக்கும் வேலை பார்த்தேன். என் மகள் செல்விக்கு அப்போது பதினான்கு வயது. பேசமாட்டாள், யார் முகத்தையும் பார்க்கமாட்டாள். ஆட்டிசம் என்ற சொல்லை நானும் என் கணவரும் கேள்விப்பட்டதே இல்லை. எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால் படர்ந்திருந்த தொட்டாச்சிணுங்கிதான் அவளுக்கு எல்லாம். ஒவ்வோர் இலையாகத் தொடுவாள். மூடியது திறக்கும்வரை அசையாமல் குந்தியிருப்பாள்.

ஒரு நாள் பம்பில் மருந்து மிஞ்சியது. மிஞ்சியதை வீட்டுப் பின்புறம் அடித்துவிடுவது எங்கள் வழக்கம். பாம்பு அண்டாது என்று நானும் அடித்தேன். செல்வியை நினைக்கவே இல்லை.

மறுநாள் இலைகள் கருகிக் கிடந்தன. அவள் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என் விரலைப் பிடித்து ஓர் இலைமேல் வைத்து அழுத்தினாள். நான் தொட்டால் மூடும் என்று நினைத்தாளோ என்னவோ.

"மொதல்ல அவ கையக் கழுவி விடு. புல்லு மறுபடி மொளைக்கும் லா," என்றார் என் கணவர்.

முளைத்தது. அவள்தான் அந்தப் பக்கம் போகவில்லை.

இப்போது டவுனில் இருக்கிறோம். மருந்து வாங்குவதில்லை, புல்லைக் கையால்தான் பிடுங்குகிறேன். தொட்டாச்சிணுங்கியை மட்டும் விட்டுவைக்கிறேன். தினமும் அவள் பார்க்க ஓர் இலையைத் தொடுகிறேன். அது மூடிக்கொள்கிறது. செல்வி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறாள்.