சுவரிலிருந்து இறங்கிய கூன்வண்டு

இது நடந்து இரண்டு வருடம் இருக்கும். பதுளையில் ஒரு மண்டபத்தில் புகைப்படக் கண்காட்சி. நான் அதே நகரில் ஸ்டூடியோ வைத்திருப்பவன். கல்யாணம், சடங்கு என்று ஓடினாலும் என் உயிர் பூச்சிகளைப் படம் எடுப்பதில்தான் இருந்தது. அதற்கென்றே விலை கூடிய மேக்ரோ லென்ஸ், பொத்தானை அமுக்கினால் கமராவை மயிரிழை மயிரிழையாக முன்னே நகர்த்தும் மோட்டார், இரண்டு ஃபிளாஷ் எல்லாம் கொழும்பிலிருந்து வரவழைத்திருந்தேன். இந்தப் பக்கத்தில் இந்த வேலைக்கு என்னை விட்டால் ஆள் இல்லை என்பது என் நினைப்பு.

கண்காட்சிக்கு ஓர் எறும்பின் தலையைக் கொடுத்திருந்தேன். திறப்பு நாள் காலையில் போனால் என் எறும்பின் முன்னால் ஒருவரும் இல்லை. கூட்டமெல்லாம் எதிர்ச் சுவரில். தேயிலைக் கொழுந்தில் கிடைத்த எள்ளளவு கூன்வண்டு ஒன்றின் முகம். மூக்கு நுனியிலிருந்து பின்கழுத்து வரை ஒவ்வொரு செதிலும் அவ்வளவு தெளிவு. எடுத்தவர் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் பாலர் பாடசாலை டீச்சர் என்றார்கள். எனக்கு வயிறு எரிந்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே நெஞ்சுக்குக் கீழே சூடாக இருந்தது. குறை தேடி வெகுநேரம் அதன் முன்னே நின்றேன். ஒன்றும் அகப்படவில்லை.

அப்போது ஏற்பாட்டாளர் பக்கத்தில் வந்தார். ஓய்வுபெற்ற அதிகாரி. நல்ல மனிதர், ஆனால் கமரா விஷயம் தெரியாதவர். எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"இது ஒரே படம் இல்லைங்க. நிறையப் படத்தைக் கம்ப்யூட்டர்ல ஒட்டினது. உங்க விதியில ஒட்டு வேலை கூடாதுன்னு இருக்கே?" என்றேன்.

பொய் இல்லை. அதுதான் மோசம். இவ்வளவு நெருங்கி எடுக்கும்போது ஒரு படத்தில் மயிரிழைக் கனம்தான் தெளிவாக விழும். அதனால் துளித்துளியாக நகர்த்தி ஏராளமாக எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிவான பகுதியை மட்டும் ஒன்றாகச் சேர்ப்போம். இந்த வேலை செய்கிற எல்லோரும் அப்படித்தான். என் எறும்பும் அறுபது படங்களின் சேர்க்கை. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

மத்தியானம் கூன்வண்டு சுவரில் இல்லை.

மறுநாள் காலையில் அந்த டீச்சர் என் ஸ்டூடியோவுக்கே வந்துவிட்டார். முப்பது வயது இருக்கும், கையில் ஒரு பெரிய பை. சொன்னது நான்தான் என்று அவருக்குத் தெரியாது.

"அண்ணே, என் படத்தைக் கழட்டிட்டாங்க. வெட்டி ஒட்டினதுன்னு யாரோ சொல்லியிருக்காங்க. பிள்ளைங்களோட அம்மா அப்பா எல்லாம் நேத்துப் பின்னேரம் பஸ் பிடிச்சுப் பார்க்க வந்து சும்மா திரும்பிப் போனாங்க. டீச்சர் களவு செஞ்சிட்டாங்கன்னுதானே நினைப்பாங்க? இந்த வேலை தெரிஞ்சவரு இங்க நீங்க ஒருத்தருதான். கொஞ்சம் வந்து சொல்றீங்களா?"

பையைத் திறந்து காட்டினார். ஏதோ ஒரு பள்ளிக்கூடம் கழித்துப்போட்ட பழைய நுணுக்குக்காட்டி, அதாவது மைக்ரோஸ்கோப். அதன் வில்லையைக் கழற்றிக் கமராவில் பொருத்தியிருந்தார். பூச்சியை அதன் தட்டில் வைத்து, திருகைக் கையால் திருப்பி நகர்த்துவாராம். வெளிச்சம் பரவ அடி வெட்டிய யோகட் கப். கூன்வண்டுக்கு நூற்று நாற்பது தடவை திருகியிருக்கிறார்.

"பக்கத்து வீட்டுக் காம்பிராவுல யாராவது நடந்தாலே படம் ஆடிரும்ண்ணே. ஞாயித்துக்கிழமை எல்லாரும் கோயிலுக்குப் போற நேரம் பார்த்துத்தான் எடுப்பேன். மூணு ஞாயிறு வீணாப் போச்சு" என்று சிரித்தார்.

என் மோட்டாரை நினைத்துக்கொண்டேன். கேவலமாக இருந்தது. பொறாமை அப்போதும் போகவில்லை, கூடத்தான் செய்தது.

மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. இருவரும் மண்டபத்துக்கு நடந்தோம். வழியிலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அங்கே நான் விளக்க ஆரம்பித்ததும் ஏற்பாட்டாளர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"நீங்கதானே நேத்து ஒட்டு வேலைன்னு சொன்னீங்க?"

டீச்சர் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் இல்லை. "ஆமாங்க, நான்தான். பொறாமையில சொன்னேன். இது ஒட்டு வேலைன்னா என் எறும்பும் அதேதான். கழட்டுறதா இருந்தா ரெண்டையும் கழட்டுங்க."

இந்த வகைப் படத்தை எல்லோரும் இப்படித்தான் எடுப்பார்கள் என்று விளக்கியும் சொன்னேன். பிறகு அந்தப் பெரியவர் உள்ளே போய்ப் படத்தை எடுத்துவந்து பழைய இடத்திலேயே மாட்டினார். டீச்சர் தள்ளி நின்று, சட்டம் கோணலாக இருக்கிறதா என்று பார்த்தார். நன்றாகத் திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அப்ப, இது எவ்வளவு கஷ்டம்னு தெரிஞ்சேதான் சொன்னீங்களாண்ணே?"

அவ்வளவுதான் கேட்டார். தலையாட்டினேன். பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். அதன்பிறகு என் ஸ்டூடியோப் பக்கம் வரவில்லை.

அவருடைய புதிய படங்களைப் போனில் பார்க்கும்போது இன்றும் வயிறு எரிகிறது, மறைப்பானேன். ஆனால், அன்று அந்த மண்டபத்தில் அந்தப் படத்தின் அருமை முழுதாகத் தெரிந்த ஒரே ஆள் நான்தான், அதைக் கழற்ற வைத்ததும் நான்தான் என்பது எனக்கு இன்னும் செரிக்கவில்லை.