அருளம்பலம் ஐயாவின் பன்னிரண்டாவது கட்டம்

வியாழக்கிழமை காலை, கொட்டாஞ்சேனையில் என் வீட்டுப் படியில் உட்கார்ந்து செருப்பு வாரைத் தைத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தைக்குப் போவதற்காகத் தைத்த செருப்பு அது. போன் அடித்தது. ஐயாவின் மகள் வாசுகி. "அங்கிள், அப்பா போயிட்டார்" என்றார். போனை வைத்துவிட்டுத் தைத்து முடித்தேன். பாதியில் விட்டால் எதைப் போட்டுக்கொண்டு போவது? ஞாயிறு போகவேண்டிய இடத்துக்கு அந்தச் செருப்போடு அன்றைக்கே போனேன்.

முப்பத்தோராம் நாளுக்கு ஐயாவின் நினைவாக ஒரு புத்தகம் போடுகிறார்கள். அவரோடு வேலை பார்த்த எஞ்சினியர்மார் எல்லாரும் எழுதுகிறார்கள். நானும் சொல்லவேண்டும் என்று நானாகத்தான் கேட்டேன். எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல வாசுகி எழுதுகிறார். தமிழைத் திருத்தலாம், சங்கதியைத் திருத்தக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். கடைசி நாட்களில் ஐயா என்னிடம் ஒரு வார்த்தை சொன்னார். அதற்குப் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். அந்தப் பதிலைச் சொல்லத்தான் இந்தப் பக்கங்களைக் கேட்டு வாங்கினேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: என் பெயர் அந்தோனி. முப்பது வருஷம் துறைமுகத்தில் நின்றவன். கப்பலின் அடித்தட்டுக்குள் சாமான் இறங்கும்போது, மேலே கிரேன் கேபினில் இருக்கிறவனுக்கு உள்ளே என்ன கிடக்கிறது என்று தெரியாது. விளிம்பில் ஒருவன் நின்று, உள்ளே பார்த்துக் கையால் சொல்லவேண்டும். இறக்கு, நிறுத்து, இடப்பக்கம் எடு. அந்தக் கை என்னுடையது. அங்கிருந்து விலகியபிறகு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு தொடர்மாடியின் கேட்டில் காவலுக்கு நின்றேன். கீழ்வீட்டில் ஐயா இருந்தார். வாகனம் விடவேண்டிய கராஜில் வாகனம் இல்லை. வயர், லைட், கண்ணாடித் தகடு, வயரை ஒட்டுகிற சூட்டுக்கோல். மின்சாரத்தில் எழுத்துக் காட்டுகிற பலகைகளைச் செய்துகொண்டிருந்தார்.

பஸ் நிலையத்தில், ரயில் நிலையத்தில் அப்படிப் பலகைகள் இருக்கின்றன அல்லவா? மத்தியான வெயில் பட்டால் வெளுத்துப்போகும். பக்கவாட்டில் நின்று பார்த்தாலும் மங்கிப்போகும். வெயிலிலும் தெரிகிற, எந்தப் பக்கத்தில் நின்றாலும் தெரிகிற ஒரு பலகையைச் செய்யவேண்டும் என்பது ஐயாவின் எண்ணம். ஒருநாள் நாலைந்து எஞ்சினியர்மாரைக் கூப்பிட்டு, பலகையைக் கடலைப் பார்த்த மதிலில் மாட்டிக் காட்டினார். எல்லாரும் வாசித்துவிட்டு நல்லாயிருக்கு என்றார்கள். தேத்தண்ணித் தட்டோடு அந்தப் பக்கம் போன நான் வாயை வைத்துக்கொண்டு இருந்திருக்கலாம்.

"மூணாவதுக்குக் கீழ காலையில இருந்த வால் இப்ப இல்ல ஐயா" என்றேன்.

ஐயா கிட்டப்போய்க் குனிந்து பார்த்தார். கீழ்வரிசையில் லைட்டுகள் ஏழெட்டு எரியவேயில்லை. எஞ்சினியர் ஒருவர் சிரித்தார். "நாங்கள் வாசிச்சுப்போட்டமே!"

ஐயா சிரிக்கவில்லை. "அந்தோனி, என்ன எழுதியிருக்கு எண்டு சொல்லும்."

"எனக்கு எழுத்துத் தெரியாது ஐயா."

"ஒண்டுமே?"

"நம்பர் தெரியும்."

என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார். "படிச்சவன்ட கண் பொய் சொல்லும். பாதி தெரிஞ்சாலே மிச்சத்தை மூளை போட்டிடும். இவ்வளவு காலமும் பொய்க்கண்ணை வச்செல்லோ டெஸ்ட் பண்ணியிருக்கிறன்."

எழுத்துத் தெரியாது என்பதை என் வாழ்நாளில் நான் ஒளித்துத்தான் வைத்திருந்தேன். அதற்காக ஒரு மனிதர் என்னைப் பிடித்துக்கொண்டு சந்தோஷப்பட்டது அதுதான் முதல்முறை.

அதிலிருந்து கிழமைக்கு மூன்று நாள், உச்சி வெயிலில், ரயில் பாதையைத் தாண்டிக் கடற்கரைக்குப் போவோம். ஐயா பாறையில் பலகையைச் சாய்த்து வைப்பார். நான் இருபது அடி, நாற்பது அடி என்று தள்ளித் தள்ளி நிற்பேன். பலகையில் தெரிவதைக் குடைக்காம்பால் ஈரமணலில் கீறவேண்டும். தெரிந்த கோட்டைக் கீறலாம். தெரியாததைக் கீறக்கூடாது. "கண்டதை மட்டும் சொல்லும். நினைச்சதைச் சொல்லவேண்டாம்." இதை அவர் ஆயிரம் தரம் சொல்லியிருப்பார். அலை வந்து அழிக்குமுன் கீறலைப் பார்த்துத் தன் கொப்பியில் குறித்துக்கொள்வார். ரயிலில் போகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். ஒருநாள் பொலிஸ்காரர் ஒருவர் வந்து இரண்டு கிழவர்கள் என்ன செய்கிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். மாத்தயாவுக்கு, அதாவது இந்த ஐயாவுக்கு, கண்ணில் கோளாறு, பரிசோதிக்கிறேன் என்று நானும் சிங்களத்தில் சொன்னேன். அவர் போனபிறகு ஐயா, "கோளாறு எனக்கோ? நீர் நல்ல ஆள்தான்" என்று சிரித்துக்கொண்டே இருந்தார்.

அந்தப் பலகைக்குப் பேட்டன்ட் கிடைத்தது. அவருக்கு அப்படி நான்கு உண்டு. நான்கு பத்திரங்களும் சட்டம் போட்டு முன்னறைச் சுவரில் தொங்குகின்றன. முதலாவதையும் இரண்டாவதையும் நாலாவதையும் பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள். மூன்றாவதைப் பற்றி நான்தான் சொல்லவேண்டும்.

என் மனுசி ரெஜினா எழுத வாசிக்கத் தெரிந்தவள். வாயும் அப்படித்தான். சந்தைக்குப் போய்வந்த கதையை அரை மணித்தியாலம் சொல்வாள். பதினைந்து வருஷத்துக்கு முன் தொண்டையில் கட்டி என்று வெட்டி எடுத்தார்கள். உயிர் இருந்தது, குரல் போய்விட்டது. தண்ணீர், சோறு, நோவு என்றால் கையால் காட்டுவாள். அது எனக்கு விளங்கும், கையோடு பிழைத்தவன் அல்லவா நான். ஆனால் அவளுக்குச் சொல்ல அதைவிட நிறைய இருந்தது. கலண்டர்த் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி என் கையில் தருவாள். நான் தாளைப் பார்ப்பேன், அவள் என் முகத்தைப் பார்ப்பாள். பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒருநாள் கொண்டுபோய் வாசிக்கச் சொன்னேன். ரெஜினா ஓடிவந்து பறித்துக்கொண்டாள். அதற்குப் பிறகும் எழுதுவதை விடவில்லை. தாள்கள் மாதா சொரூபத்தின் கீழே சேர்ந்துகொண்டே போயின.

அப்போதுதான் நான் ஐயாவிடம் போய், "எழுத்துப் படிக்கலாம் எண்டு இருக்கிறன்" என்றேன்.

அவர் முகம் விழுந்துவிட்டது. இரண்டாவது பலகையின் வேலை நடந்துகொண்டிருந்த நேரம். "இப்ப ஏன் அந்தோனி, திடீரெண்டு?"

"சும்மாதான் ஐயா."

"சும்மாவெண்டால் ரெண்டு மாசம் பொறும். கடைசி டெஸ்ட் இருக்கு. நீர் படிச்சிட்டீரெண்டால் எனக்கு வேற கண் இல்லை."

"சரி ஐயா" என்றேன்.

இந்த இடத்தில் வாசுகி பேனாவை வைத்துவிட்டார். "இதையும் எழுதவோ அங்கிள்?" என்று கேட்டார். எழுதுங்கள் பிள்ளை. இதைச் சொல்லத்தான் வந்தேன்.

ஏன் அந்த "சும்மா"? ரெஜினாவுக்குக் குரல் போனதையே நான் ஐயாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்ததும் சொல்லவேண்டும். பெண்சாதி எழுதித் தருவதை வாசிக்கத் தெரியாமல் முழித்துக்கொண்டு நிற்கிறேன் என்று, என் கண்ணை அவ்வளவு மெச்சிய மனிதரிடம் எப்படிச் சொல்வது? வெட்கம். வேறொன்றும் இல்லை.

ஒன்றரை மாதம் போயிருக்கும். ரெஜினாவுக்குக் காய்ச்சல், இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. ஐயா என்னைத் தேடி ஓட்டோ பிடித்துக் கொட்டாஞ்சேனைக்கு வந்துவிட்டார். படித்த மனிதர் ஒருவர் வந்திருக்கிறார் என்று கண்டதும் ரெஜினா கட்டிலில் எழும்பி உட்கார்ந்து பென்சிலை எடுத்தாள். அவள் எழுதினாள், அவர் வாசித்துப் பதில் சொன்னார். அவள் மறுபடி எழுதினாள். என் வீட்டில், என் மனுசி, மூன்று மாதத்துக்குப் பிறகு கதைக்கிறாள். சத்தம் வராமல் தோள் குலுங்கச் சிரிக்கிறாள். நான் நடுவில், விருந்துக்கு வந்தவனைப்போலக் குந்தியிருந்தேன்.

ஒரு தாளை ஐயா எனக்காகச் சத்தமாக வாசித்தார். "'இவருக்கு எழுதி எழுதி என் கை நோகுது. மாடு மாதிரிப் பார்க்கிறார்.'" சிரித்துக்கொண்டே வாசித்தவர் பாதியில் நிறுத்திவிட்டு, மாதாவின் கீழே இருந்த கட்டைப் பார்த்தார்.

"எப்ப தொடக்கம்?"

"மூணு மாசம் ஐயா."

"அப்ப நீர் அண்டைக்குப் படிக்கவேணும் எண்டு கேட்டது…"

நான் தரையைப் பார்த்தேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு அதைத் தொடவேயில்லை. அந்தக் கட்டை எடுத்து, "நான் எல்லாத்தையும் வாசிக்கிறன், அந்தோனி கேக்கட்டும்" என்று ரெஜினாவிடம் சொன்னார். அவள் தலையை ஆட்டி மறுத்து, இன்னொரு தாளில் எழுதினாள். அதையும் அவர் வாசித்தார். குரல் மாறியிருந்தது. "'அவருக்கு எழுதினது. அவர் வாசிக்கட்டும்.'"

மறுநாளே எனக்கு அ, ஆ எழுதிக் காட்டத் தொடங்கினார். ஆனால் காய்ச்சல் இறங்கவில்லை. ஒரு கிழமைக்குள் ரெஜினாவால் பென்சில் பிடிக்கமுடியாமல் போய்விட்டது. சைகை காட்டவும் கை எழும்பவில்லை. அப்போது ஐயா எழுத்தை விட்டுவிட்டுக் கராஜுக்குள் போனார். ஒன்பதாம் நாள் ஒரு தட்டோடு வந்தார். அதில் பன்னிரண்டு கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு படம். விரல் நுனி பட்டாலே போதும், அந்தக் கட்டம் எரிந்து மணி அடிக்கும். படுத்திருந்து எந்தப் பக்கம் சரிந்து பார்த்தாலும் படம் தெரியும். கடற்கரையில் நான் கீறிய கீறலெல்லாம் அந்தத் தட்டுக்குள் இருந்தது. தண்ணீர், கஞ்சி, நோவு, காற்றாடி, ஜன்னல், செபமாலை. படங்களை ஐயாவே கீறியிருந்தார், கீறத் தெரியாத கை. கஞ்சிக் கோப்பை தொப்பிபோல இருந்தது. ரெஜினா அதைத் தொட்டுவிட்டு என் தலையைப் பார்ப்பாள்.

பன்னிரண்டாவது கட்டத்தில் ஒரு மீசைக்காரன். "அது நீர். உம்மைக் கூப்பிட" என்றார் ஐயா. பிறகு வெளியே வந்து மெதுவாகச் சொன்னார்: "இதில எல்லாத்தையும் சொல்லேலாது அந்தோனி. பன்னிரண்டு காரியம்தான் சொல்லலாம். மிச்சத்துக்கு என்னட்ட வழி இல்லை."

அவள் அதிகம் தொட்டது பன்னிரண்டாவதைத்தான். குசினியில் நிற்பேன், மணி அடிக்கும், ஓடிவருவேன். ஒன்றும் வேண்டாம். பார்த்துக்கொண்டு கிடப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். பதினெட்டு நாள் அப்படி. பிறகு மணி அடிக்கவில்லை.

அந்தத் தாள்களை அவளோடு பெட்டிக்குள் வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு எழுத்துப் படித்து நான் எதை வாசிக்க? அவர் இரண்டு மூன்று தரம் கொப்பியோடு வந்தார். வேண்டாம் என்றேன். கடற்கரை வேலைக்கு அவரும் என்னைக் கூப்பிடவில்லை. கேட்டில் நின்றேன், போகவர இருவரும் கதைத்தோம். அந்தத் தட்டை அவர் இன்னும் நன்றாகச் செய்து, வாய் பேச முடியாத நோயாளிகளுக்கென்று ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுத்தார். அதற்குக் கிடைத்ததுதான் மூன்றாவது பத்திரம்.

போன மாதம் பார்க்கப் போனபோது ஐயா மெலிந்து கட்டிலோடு ஒட்டிக் கிடந்தார். என் கையைப் பிடித்தார். "அந்தோனி, அந்த ரெண்டு மாசத்தை நான் உம்மட்டக் கேட்டிருக்கக் கூடாது. அவ எழுதக்கூடியதாய் இருந்த காலம் அது." பதினைந்து வருஷம் அதை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். போர்வையைச் சரிசெய்தேன், தேத்தண்ணி வேணுமா ஐயா என்று கேட்டேன், ஞாயிற்றுக்கிழமைகளில் வாறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த இரண்டு ஞாயிறும் போனேன். அவரும் அதைத் திரும்ப எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அடுத்ததில் சொல்லிவிடலாம் என்று செருப்பைத் தைத்துக்கொண்டிருந்தேன்.

ஐயா, இப்போது சொல்கிறேன். உங்களை அறிந்தவர்கள் எல்லாரும் கேட்கட்டும். கிரேன் கேபினில் இருக்கிறவனுக்குக் கீழே என்ன கிடக்கிறது என்று தெரியாது. விளிம்பில் நிற்பவனின் கையைப் பார்த்துத்தான் அவன் இறக்குவான். கை பிழையாகக் காட்டினால் மேலே இருக்கிறவன்மேல் பழி போடுகிற வழக்கம் எங்கள் துறைமுகத்தில் இல்லை. "சும்மா" என்று காட்டியது என் கை. கண்டதை மட்டும் சொல்லச் சொன்னீர்கள். மணலில் சொன்னேன், என் வீட்டில் கண்டதை உங்களிடம் சொல்லவில்லை. உங்கள்மேல் பிழை இல்லை ஐயா. இதைப் பதினைந்து வருஷத்துக்கு முன்பே சொல்லியிருக்கவேண்டும்.

அந்தத் தட்டு என்னிடம் இருக்கிறது. பதினொரு கட்டங்கள் எரிவதில்லை. பன்னிரண்டாவது மட்டும் எரியும், மணியும் அடிக்கும். அதை நான் வைத்துக்கொள்கிறேன்.

இதை எழுதி முடித்தபிறகு வாசுகி மூன்றாவது பத்திரத்தைச் சுவரிலிருந்து கழற்றி என் மடியில் வைத்தார். நிறைய எழுத்து, எல்லாம் எறும்பு ஊர்ந்ததுபோல. கீழே தட்டின் படம் சின்னதாகக் கீறியிருந்தது. பன்னிரண்டாவது கட்டத்தில் அதே மீசை. அரசாங்க முத்திரையோடு நான் அங்கே இருக்கிறேன். இவ்வளவு காலமும் அதற்குக் கீழால் போய்வந்திருக்கிறேன், கிட்டப்போய்ப் பார்த்ததில்லை. விரலை வைத்து, "இதை எனக்கு வாசிக்கத் தெரியும் பிள்ளை" என்றேன்.

முடிவில் பெயரை எப்படிப் போடுவது என்று வாசுகி கேட்டார். பெயர் வேண்டாம், அந்தக் கட்டத்தைக் கீறிவிடச் சொன்னேன். ஐயா கீறியதுபோலவே, கோணலாக.